சத்தமில்லாத பதினொரு கிலோமீட்டர்

மனித ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு தூக்கத்திலும் இன்னொரு பங்கு ஏற்கெனவே செய்து முடித்த காரியத்தைச் சரிபார்ப்பதிலும் போய்விடுகிறது என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவன் நான். அடக்கத்தோடுதான் சொல்கிறேன். ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தவனுக்கு அதை மறுபடி பார்க்க வேண்டியதில்லை. மறுபடி பார்க்கிறவன் முதல் தடவை ஒழுங்காகச் செய்யவில்லை. தூக்கத்தை ஒழிக்க முடியாது. சரிபார்ப்பதை ஒழித்துவிட்டால் ஆளுக்கு இருபது வருஷமாவது மிச்சம். இதற்காக எனக்குச் சிலை வேண்டாம். பாடப்புத்தகத்தில் ஓர் அடிக்குறிப்பு போதும்.

நான் கொள்கைப்படி வாழ்கிறவன். விடுதி அறையைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பதில்லை. பரீட்சைத் தாளை மணி அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிட்டு எழுந்துவிடுவேன். மதிப்பெண்களைப் பற்றி இங்கே பேசத் தேவையில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. சொல்லாவிட்டால் நான் ஏதோ கெட்ட எண்ணத்தில் செய்ததாக நினைத்துவிடுவீர்கள். எங்கள் கல்லூரி வேன் டிரைவருக்கு வேலை போய் நாலு நாள் ஆகிறது. அவர்மேல் போலீஸ் வழக்கு நிற்கிறது. லைசென்ஸைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். அவர் ஒரு தவறும் செய்யவில்லை என்று சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் மருத்துவமனையில் படுத்திருக்கிறார், அவருக்கு அன்றைக்கு நடந்தது ஞாபகம் இல்லை. இன்னொருவன் நான். எனக்கு ஞாபகசக்தி அதிகம்.

எங்கள் கல்லூரியில் படகுக் குழு ஒன்று உண்டு. கயாக் என்பது ஆளை இடுப்பு வரைக்கும் விழுங்கி வைத்துக்கொள்கிற ஒல்லிப் படகு. எங்களிடம் இருந்தது மஞ்சள் நிறத்தில், இரண்டு பேர் உட்காருவது, பதினாறு அடி நீளம். முன் பள்ளத்தில் கேப்டன் உட்காருவாள். மூன்றாம் வருஷம், என்னைவிட ஒரு வருஷம் மூத்தவள். பின் பள்ளத்தில் நான். தண்ணீரில் அதை ஓட்டுவது பெரிய காரியமில்லை. தண்ணீர் வரைக்கும் கொண்டுபோவதுதான் காரியம்.

வேன் கூரையில் குறுக்கே இரண்டு கம்பிகள். அவற்றின்மேல் ஸ்பான்ஞ்சு. படகைக் கவிழ்த்துப் போட்டு, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு பெல்ட்டால் இறுக்க வேண்டும். பெல்ட் நுனியைப் பக்கிளுக்குள் விட்டு இழுத்தால் கடித்துக்கொள்ளும். கட்டைவிரலால் பக்கிளை அழுத்தினால் விட்டுவிடும். அப்புறம் படகின் மூக்கிலிருந்து முன் பம்பருக்கு ஒரு கயிறு, வாலிலிருந்து பின் பம்பருக்கு ஒரு கயிறு. பத்து நிமிஷ வேலை. எங்கள் டிரைவர் கையில் அது முக்கால் மணி நேரம்.

கட்டுவார். பெல்ட்டைப் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டுத் தொங்குவார். இறங்கி வேனை ஒரு சுற்று சுற்றுவார். படகைப் பிடித்து ஆட்டுவார். படகோடு வேனும் சேர்ந்து ஆடினால்தான் திருப்தி. பிறகு, எல்லோரும் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகு, "இன்னொரு தடவை பாத்துடுவோம்" என்று இறங்குவார். கல்லூரி வாசல் தாண்டினால் ஒரு நிறுத்தம். அதற்குப் பிறகு பத்து கிலோமீட்டருக்கு ஒன்று. எங்களுக்கு முன்னால் கிளம்பிய நத்தைகள் போய்ச் சேர்ந்து, குளித்து, சாப்பிட்டு, எங்களை வரவேற்கக் காத்திருக்கும்.

அவருக்கு 'இன்னொரு தடவை' என்று பெயர் வைத்தது நான்தான். அது சுருங்கி 'இ.த.' ஆயிற்று. ஒருநாள் அலுவலக குமாஸ்தாவே போனில், "இ.த. அண்ணன் ஷெட்ல இருக்காரா?" என்று கேட்டார். ஓர் எழுத்தாளனுக்கு அதற்குமேல் என்ன அங்கீகாரம் வேண்டும்.

இதில் எங்கள் வேனில் போனவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு வேதனை உண்டு. இறுக்கிக் கட்டிய பெல்ட் தட்டையாக இருந்தால், வண்டி ஐம்பதைத் தாண்டியதும் காற்றில் அதிரும். ஒரு தேனீக் கூட்டத்தைத் தகர டப்பாவில் அடைத்து உங்கள் தலையில் கவிழ்த்தது மாதிரி ஒரு சத்தம். பெல்ட்டில் ஒரே ஒரு முறுக்குப் போட்டுக் கட்டினால் அது வராது. கயாக் ஏற்றுகிற எல்லோரும் அப்படித்தான் கட்டுகிறார்கள். எங்கள் டிரைவர் மட்டும் மாட்டார்.

"சத்தம் வந்தா இறுக்கமா இருக்குன்னு அர்த்தம் தம்பி. தளந்துச்சுன்னா வேற மாதிரி அடிக்கும், நிறுத்திடுவேன். கூரைமேல எனக்குக் கண்ணா இருக்கு? காதுதான் இருக்கு."

"எங்களுக்கும் காது இருக்குண்ணே. இப்போதைக்கு."

"பஞ்சு வச்சுக்குங்க."

இந்த மனிதரைப் பற்றித்தான் நான் விடுதிச் சுவர்ப் பத்திரிகையில் ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினேன். மாமனிதர் பிறந்ததும் அழுதார். சரியாக அழுதோமா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை அழுதார். கல்யாணத்தன்று பெண்ணின் முகத்தை மூன்று தடவை பார்த்து அதே பெண்தான் என்று உறுதிசெய்துகொண்டார். இந்தப் பாணியில் இரண்டு பக்கம். கல்லூரி முதல்வர்கூட நின்று படித்துவிட்டுச் சிரித்ததாகக் கேள்வி. கடைசியில் டிரைவரே வந்தார். கூட்டம் வழிவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி," என்றார். "வாசல்கிட்ட நாலு தடவை இழுத்துப் பாப்பேன்னு போட்டிருக்கீங்க. மூணு தடவைதான். ஒட்றதுக்கு முன்னாடி நீங்களும் இன்னொரு தடவை பாத்திருக்கலாம்."

சிரித்தவர்கள் பத்தொன்பது பேர். எண்ணவில்லை, தெரியும். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

போட்டி நாள் அன்று அணைக்கட்டு ஏரிக்குப் போக வேண்டும். அறுபத்திரண்டு கிலோமீட்டர். பத்து மணிக்குள் பெயர் கொடுக்காவிட்டால் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். காலை ஏழேகாலுக்குக் கிளம்பினோம். டிரைவர், கேப்டன், நான், இன்னும் ஆறு பேர். நான் வழக்கம்போல் கடைசி சீட். எனக்கு முன் சீட்டில் கேப்டன். வாசலில் ஒரு நிறுத்தம், பத்தாவது கிலோமீட்டரில் ஒரு நிறுத்தம், இருபதாவது கிலோமீட்டரில் டீசல் போட பெட்ரோல் பங்க்.

பங்க்கில் டீசல் போட்டதும் டிரைவர் வேனை ஓரமாக நிறுத்தினார். எல்லோரும் முகம் கழுவப் போனார்கள். டிரைவர் இரண்டு பெல்ட்டையும் தொங்கிப் பார்த்தார், மூக்குக் கயிற்றைச் சுண்டிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனார்.

நான் டயர்மேல் கால் வைத்து ஏறினேன். முன் பெல்ட்டின் பக்கிளைக் கட்டைவிரலால் அழுத்தினேன். நாலு விரல் நீளம் விட்டேன். தளர்ந்தால் சத்தம் மாறி டிரைவர் உடனே கண்டுபிடித்துவிடுவார் என்பதால் முன் பெல்ட்டில் ஒரு முறுக்கு, பின் பெல்ட்டில் ஒரு முறுக்கு போட்டேன். இறங்கி வந்து மூக்குக் கயிற்றின் முடிச்சையும் நெகிழ்த்திவிட்டேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சரியாகச் செய்தேனா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

என் நோக்கம் எளிமையானது. அடுத்த பத்தாவது கிலோமீட்டரில் டிரைவர் நிறுத்துவார், இறங்குவார், இழுப்பார். பெல்ட் தொளதொளவென்று கையோடு வரும். எல்லோரும் பார்ப்பார்கள். அப்போது நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மூணு தடவை பாத்தீங்களேண்ணே?" என்று கேட்பேன். அவ்வளவுதான். ஒரு வாக்கியம். என் தத்துவத்துக்கு ஒரு செய்முறை விளக்கம். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

கிளம்பினோம். வண்டி ஐம்பதைத் தொட்டது, அறுபதைத் தொட்டது. தேனீக்கள் இல்லை. வேனுக்குள் முதல்முறையாக ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்டது.

"சத்தம் காணோமே," என்றார் டிரைவர்.

"நிம்மதியா இருக்குண்ணே, விடுங்க," என்றாள் கேப்டன்.

"இல்லம்மா, வரணுமே."

"காத்து இப்ப பின்னாடிலேருந்து அடிக்குதுண்ணே," என்றேன். "அதான்."

"அப்படியா?" கண்ணாடியில் என்னைத் தேடினார். நடுவில் குவித்திருந்த பைகள் மறைத்ததால் நான் தெரிந்திருக்க மாட்டேன். அவருடைய கை இண்டிகேட்டர் மேல் போயிற்று. "இன்னொரு தடவை பாத்துடுவோமா?"

எப்போதும் அதைச் சொல்லிக்கொண்டே இறங்குகிற ஆள் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேள்வியாகக் கேட்டார். என் கட்டுரையைப் படித்த பாதிப்பு. வேனில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில், ராகம் போட்டு, "இன்னொரு தடவை!" என்றார்கள். ஒருவன் தாளம்கூடத் தட்டினான். டிரைவர் சிரித்தார். பின்கழுத்தைத் தடவிக்கொண்டார். கை இண்டிகேட்டரிலிருந்து ஸ்டியரிங்குக்குத் திரும்பி வந்துவிட்டது.

அவர் நிறுத்தவில்லை. பத்தாவது கிலோமீட்டரிலும் நிறுத்தவில்லை.

இங்கே நீங்கள் கேட்பீர்கள், நீ வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று. நியாயமான கேள்வி. நானும் யோசித்தேன். என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. அதைச் சொல்ல அவர் தானாக நிறுத்த வேண்டும். நானே நிறுத்தச் சொன்னால் அது வேறு வாக்கியம். அதை நான் தயாரித்திருக்கவில்லை.

படகின் வால் வேன் கூரையைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கடைசி சீட்டிலிருந்து பார்த்தால் பின் கண்ணாடியின் மேல் விளிம்பில் அது எப்போதும் மூன்று விரல் அளவு தெரியும். பங்க்கிலிருந்து நாலாவது கிலோமீட்டரில் ஐந்து விரல் தெரிந்தது. ஏழாவதில் ஒரு சாண். வால் இறங்கினால் மூக்கு ஏறுகிறது என்று அர்த்தம். இது சின்னப் பிள்ளைக்கும் புரியும். பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்தது. பதினோராவது கிலோமீட்டரில் ஒரு பாலம். பாலத்தில் ஏறியதும் பக்கக் காற்று. மேலே இரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, பின் கண்ணாடியில் மஞ்சளாக ஏதோ கடந்துபோயிற்று, அதற்கப்புறம் பின்னால் ஸ்கூட்டர் இல்லை.

டிரைவர்தான் முதலில் ஓடினார். நாங்கள் போய்ச் சேரும்போது தரையில் உட்கார்ந்து, தன் சட்டையைக் கழற்றி ஸ்கூட்டரில் வந்த பெண்மணியின் தலைக்கு அணைகொடுத்துப் பிடித்திருந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கவில்லை. "நிறுத்தியிருக்கணும், நிறுத்தியிருக்கணும்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. அவருடைய வாக்குமூலம் அன்றைக்கே அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பின் கம்பி பெல்ட்டோடு பெயர்ந்து, வால் கயிறும் அறுந்து போயிருந்தது. முன் பெல்ட் மட்டும் முன் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது, முறுக்கோடு. விசாரிக்க வந்த சப்-இன்ஸ்பெக்டருக்கு அதைப் பிடித்துப் பார்க்கும் அளவுக்குப் புத்தி இருந்தது. டிரைவரிடம் கேட்டபோது, "நான் முறுக்குப் போடமாட்டேன் சார்" என்றாராம். அதனால் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"இந்த முறுக்கு யார் போட்டது?"

"டிரைவர் அண்ணன்தான் சார்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன் சார். பங்க்ல. சத்தம் தாங்க முடியலன்னு நாங்க எல்லாரும் ரொம்ப நாளாவே சொல்லிட்டிருந்தோம். பாவம், எங்களுக்காகத்தான் போட்டாரு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவருடைய சட்டையில் இரண்டாவது பட்டன் வேறு நிறத்தில் இருந்தது. மற்றவர்களையும் கேட்டிருப்பார், சத்தத்தைப் பற்றி எல்லோரும் புகார் சொன்னது உண்மை என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். உண்மைதானே.

என்னைச் சந்தேகப்பட்டது கேப்டன் மட்டும். அடுத்த வாரம் படகு ஷெட்டில் துடுப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த துடுப்பையே மறுபடி துடைத்தாள்.

"ஏன்டா, அன்னிக்கு யாருக்கு டாட்டா காட்டுன?"

"எப்ப?"

"வேன்ல. கண்ணாடிப் பக்கம் திரும்பி. ரெண்டு கையாலயும்."

"ஏதோ சின்னக் கொழந்தைக்கு. கார்ல போச்சு."

"அப்ப கார் எதுவும் வரலையே."

"உனக்கு முதுகுலயும் கண்ணு இருக்கா அக்கா?"

அவள் சிரிக்கவில்லை. துடுப்பைச் சுவரில் சாய்த்தாள்.

"ரெண்டு வருஷமா என்னை கேப்டன்னுதான் கூப்பிடுற. இன்னிக்குத்தான் அக்கா."

"மரியாதை கூடியிருக்குன்னு வச்சுக்க."

"வச்சுக்குறேன்," என்றாள். என் கைகளைப் பார்த்தாள். நான் அவற்றைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். ஷெட்டில் கொஞ்சம் குளிராக இருந்தது.

அந்த ஸ்கூட்டர் பெண்மணி ஒரு தையல் டீச்சர். ஐம்பது வயது இருக்கும். இடுப்பில் எலும்பு முறிவு, வலது கை விரல்கள் மூன்று மடங்குவதில்லை, தலையில் அடி. ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு இப்போது கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். விபத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் ஞாபகத்திலிருந்து அழிந்துவிட்டது. அது அப்படியே போய்விடலாம், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரவும் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதாக எங்கள் முதல்வர் பிரார்த்தனைக் கூட்டத்தில் அறிவித்தார். அன்று மாலையே ஆறு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன்.

பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு. இரண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். படகுக் குழுவிலிருந்து வருகிறேன் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "உக்காருப்பா, உனக்கு ஒண்ணும் அடிபடலியே?" என்றார்.

"இல்ல ஆன்ட்டி. உங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் வருதா?"

"வீட்டைப் பூட்டினது ஞாபகம் இருக்கு. அப்புறம் இந்தக் கூரைதான்."

அதற்கு மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். கல்லூரியில் என்னைப் பற்றி நல்ல பேச்சு பரவியது. வார்டு நர்ஸ் மற்ற நோயாளிகளிடம், "சொந்தப் பிள்ளைகூட இப்படி வராது" என்று என்னைக் காட்டிச் சொன்னார். நான் ஆரஞ்சு உரித்துக்கொடுத்துக்கொண்டே தினமும் அந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். ஐந்தாம் நாள், "ஒரு வேன்" என்றார். எட்டாம் நாள், "அது தலையில நீளமா என்னமோ ஆடிக்கிட்டே போச்சு" என்றார். பத்தாம் நாள் நான் உரித்த சுளையைக் கையில் வைத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார்.

"யாரோ எனக்கு டாட்டா காட்டினாங்கப்பா."

"கனவா இருக்கும் ஆன்ட்டி. இவ்ளோ மருந்து கொடுக்குறாங்க."

"இருக்கும்," என்றார்.

பதினொரு கிலோமீட்டரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிட்டேன். மறைக்கவில்லை, வரிசையில் வரவில்லை, அவ்வளவுதான். அந்த ஸ்கூட்டர் ஆறாவது கிலோமீட்டரிலிருந்தே எங்கள் பின்னால் வந்தது. நீல ஹெல்மெட். முதலில் ஹார்ன் அடித்தார். பிறகு ஒரு கையை எடுத்து மேலே, கூரையைக் காட்டினார். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்துக் காட்டினார், அவிழ்கிறது என்பதுபோல. எனக்கு உடனே புரிந்தது. தையல் தெரிந்தவருக்கு எது பிரியப்போகிறது என்று தெரிந்திருக்கிறது.

அவர் விடாமல் ஹார்ன் அடித்தால் டிரைவர் காதில் விழுந்துவிடும். விழுந்தால் நிறுத்துவார். நிறுத்தினால், யாரோ ஒரு ஸ்கூட்டர்காரம்மா சொல்லித்தான் பெல்ட் தளர்ந்தது தெரிந்தது என்று ஆகிவிடும். பங்க்கில் பார்த்தபோது கல்லு மாதிரி இருந்ததே என்று டிரைவர் யோசிப்பார். முறுக்கைப் பார்ப்பார். அதனால் நான் ஸ்கூட்டர்காரம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டு கையையும் தூக்கி டாட்டா காட்டினேன். சுற்றுலா போகிற பிள்ளைகள் காட்டுவார்களே, அந்த மாதிரி, சந்தோஷமாக. எனக்குப் புரியவில்லை என்று அவர் நினைத்தார். தலையை ஆட்டிக்கொண்டார். பின்னால் விலகிப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அதுதான் அறிவுள்ளவர்கள் செய்வது. அவர் டிரைவரிடமே சொல்லிவிடலாம் என்று வேகத்தைக் கூட்டி வேனுக்குப் பக்கத்தில் வரப் பார்த்தார். பாலம் வந்துவிட்டது. அவர் டிரைவர் ஜன்னலுக்கு வர இன்னும் இரண்டு நொடி வேண்டியிருந்தது.

போன திங்கட்கிழமை விசாரணைக் குழுவின் கடைசிக் கூட்டம். நீளமான மேசை, முதல்வர், இரண்டு பேராசிரியர்கள், தண்ணீர் ஜாடி. நான் சாட்சி. சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னதையே வார்த்தை மாறாமல் சொன்னேன். மூலையில் கேப்டன் உட்கார்ந்திருந்தாள். நான் பேசி முடிக்கும்வரை என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கையைத் தூக்கவில்லை. ஒருவன் டாட்டா காட்டியதை வைத்து என்ன சொல்ல முடியும்? அன்றைக்கு "விடுங்கண்ணே" என்று முதலில் சொன்னதும் அவள்தானே.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று டிரைவரைக் கேட்டார் முதல்வர்.

டிரைவர் எழுந்து நின்றார். சலவை செய்த சட்டை. மூன்றே வாரத்தில் அது அவருக்குப் பெரிதாகிவிட்டிருந்தது.

"நான் முறுக்குப் போடமாட்டேன் சார். இருபது வருஷத்துல ஒரு நாளும் போட்டதில்ல. அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்." நிறுத்தினார். "ஆனா தம்பி பாத்தேன்னு சொல்லுது. அதுக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாக்குற பிள்ளை. பசங்க கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. அன்னிக்குச் சத்தம் வரல, அதுவும் உண்மை. ஒருவேளை நான்தான் போட்டேனோ என்னவோ. மூணு தடவை பாத்தேன் சார். இப்ப யோசிச்சா எந்தத் தடவை எதைப் பாத்தேன்னே தெரியல."

பேராசிரியர் ஒருவர் பேனா மூடியைக் கழற்றி, அவர் சொன்னதை எழுதி நீட்டினார். டிரைவர் கையெழுத்துப் போட்டார். போட்ட கையெழுத்தைத் திரும்பிப் பார்க்காமல் தாளைத் தள்ளிவைத்தார்.

இதைவிட என் தத்துவத்துக்கு என்ன நிரூபணம் வேண்டும்? ஒருமுறை பார்த்தவனுக்கு ஒரு ஞாபகம். மூன்று முறை பார்த்தவனுக்கு மூன்று சந்தேகம். நியாயப்படி அன்று நான் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வெளியே வராந்தாவில் டிரைவர் என் தோளைத் தட்டினார்.

"மனசுல வச்சுக்காதீங்க தம்பி. உள்ளதைத்தானே சொன்னீங்க."

பெல்ட்டைத் தளர்த்தியது நான். முறுக்குப் போட்டது நான். சொல்ல வந்தவருக்கு டாட்டா காட்டியதும், அந்தப் பழியை ஒரு நல்ல மனிதர் தானே நம்பும்படி செய்ததும் நான். இதை உங்களிடம் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. முதல்வரிடமோ சப்-இன்ஸ்பெக்டரிடமோ சொல்வது வேறு விஷயம்; அவர்கள் கேட்டபோது பதில் சொல்லியாயிற்று. செய்து முடித்த காரியத்தைத் திரும்பத் திரும்பக் கிளறுவது என் கொள்கைக்கு விரோதம்.

இன்றைக்கும் நாலு மணிக்கு மருத்துவமனைக்குப் போனேன். தையல் டீச்சர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது, எனக்கு அது பிடிக்கவில்லை.

"கனவு இல்லப்பா," என்றார். "ரெண்டு கை. வளையல், மோதிரம் ஒண்ணும் கிடையாது. ஒரு பையன். சிரிச்சான். முகம்தான் வர மாட்டேங்குது. வரும்போல இருக்கு, நழுவிடுது."

"சிரமப்படாதீங்க ஆன்ட்டி."

"வந்தா உன்கிட்டதான் முதல்ல சொல்லுவேன்."

ஆரஞ்சை உரித்துவைத்துவிட்டுக் கிளம்பினேன். வாசலில், "தினமும் வர்ற, போகும்போது ஒரு நாளாவது கையைக் காட்டிட்டுப் போறியா பாரு" என்று பின்னாலிருந்து சிரித்தார். அவசரமாகப் போகிறவன் மாதிரி படியிறங்கிவிட்டேன்.

கீழே வந்ததும் ஒரு யோசனை. அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, சும்மா சொன்னாரா? மறுபடி மேலே போனேன். கதவோரம் நின்று பார்த்தேன். டீச்சர் கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"என்னப்பா, எதையாவது மறந்துட்டியா?" என்றார் நர்ஸ்.

"குடை," என்றேன்.

நர்ஸ் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் போனேன். பேருந்து வந்தது, நான் ஏறவில்லை. தூங்குகிற ஆளுக்கு எதற்கு உதடு அசைய வேண்டும்? திரும்பி வந்து மேலே போனேன். இந்தத் தடவை டீச்சர் விழித்திருந்தார். கதவின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாரா, தன் பிம்பத்தைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. இறங்கிவிட்டேன்.

இப்போது ஐந்தே முக்கால். கீழே காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. லிஃப்டில் கூட்டம் அதிகம், படியிலேயே போய்விட்டு வந்துவிடுகிறேன். படி ஏறி இறங்குவது உடம்புக்கு நல்லது.